பதினோரு மணிக் கூட்டத்துக்கு வராதவர்கள்

சைக்கிள் தடத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அதற்கான கூட்டத்தை வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு வைத்துவிடுகிறார்கள். அந்தத் தடத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் ஒருவர்கூட அந்த நேரத்தில் வர முடியாது. பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இரவுப் பணி முடித்த துப்புரவுப் பணியாளர் அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார். கட்டட வேலைக்குப் போனவர் சாரத்தின் மேல் நிற்பார். கடைக்காரர்களும் கார் வைத்திருப்பவர்களும் வருவார்கள், தங்கள் சிரமத்தைச் சொல்வார்கள். அது உண்மையான சிரமமாகவும் இருக்கும். அதைக் கேட்டு முடிவு எழுதப்பட்டுவிடும். எங்கள் பள்ளித் தெருவின் தடத்தைக் காப்பாற்ற முயன்றபோது எனக்கு முதலில் உறைத்தது இதுதான். இதே நிலையில் இருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் காட்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பள்ளிக்குப் போவதும் வருவதும் சைக்கிளில்தான். வேலூரைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் சாலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றின் இந்தப் பக்கம் ரயில் சந்திப்பும் பல்கலைக்கழகமும். அந்தப் பக்கம் கோட்டை, நேதாஜி மார்க்கெட், சி.எம்.சி. மருத்துவமனை. மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து காட்பாடியில் இறங்குகிறவர்களும், கல்லூரிப் பிள்ளைகளும், சித்தூர் பக்கமிருந்து வருகிற பஸ்ஸும் லாரியும், ஷேர் ஆட்டோக்களும், எல்லாம் ஆற்றைக் கடந்தாக வேண்டும். இந்த நெரிசலின் இடது ஓரத்தில், மணலும் ஜல்லியும் ஒதுங்கிக் கிடக்கிற ஒரு முழ இடத்தில்தான் சைக்கிள் போகிறது.

ஒவ்வோர் ஆண்டும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி வருகிறது. 2001-ஆம் ஆண்டு வாக்கில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம் அது. வண்டிகள் வந்து இறங்கும் நாளில் பள்ளி மைதானத்தில் மணியோசை ஓயாது. சில மாதம் கழித்துச் சைக்கிள் கொட்டகையைப் பார்த்தால் பாதி இடம் காலியாக இருக்கும். ஏன் என்று கேட்டால் பெற்றோர் சொல்லும் பதில் ஒன்றுதான். "லாரி வருகிற ரோட்டில் பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது டீச்சர்?" வண்டி கைக்கு வந்துவிட்டது, ஓட்ட இடமில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்ற செய்தியை வியந்து படித்து வளர்ந்தவள் நான். அந்தப் பெண்களின் பேத்தி வயதிலிருக்கும் பிள்ளைகள், ஓட்டத் தெரிந்தும் வண்டியை வீட்டுத் திண்ணையில் சாத்தி வைத்திருப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பிரதான சாலையிலிருந்து எங்கள் பள்ளிக்குத் திரும்பும் தெருவில், சோதனை முயற்சியாக இடது ஓரம் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து, வெள்ளைக் கோடு போட்டு, சில இடங்களில் வளைந்து கொடுக்கும் கம்பங்களை நட்டார்கள். பெரிய செலவில்லை. ஆனால் கொட்டகை நிரம்பத் தொடங்கியது. எட்டாம் வகுப்புத் தம்பியைக் கேரியரில் உட்காரவைத்து ஒரு மாணவி வருவாள். தடம் தொடங்கும் இடம் வரை தம்பியை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வருவாள். பச்சைக் கோட்டில் சக்கரம் பட்டதும் அவனை ஏற்றிக்கொண்டு மிதிப்பாள். எங்கே பயம் முடிகிறது என்பதை அந்தப் பெண் எனக்குத் துல்லியமாகக் காட்டிவிட்டாள்.

அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள், தடத்தை எடுத்துவிடச் சொல்லித் தெருவின் வியாபாரிகள் மனுக் கொடுத்தார்கள். மூட்டை இறக்க லாரி நிற்க இடமில்லை, வாடிக்கையாளர் பைக்கை நிறுத்த முடியவில்லை, நெரிசல் கூடிவிட்டது, இத்தனைக்கும் அந்தத் தடத்தில் யாரும் போவதே இல்லை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள்.

அந்தச் செய்தியோடுதான் 2025 கோடை விடுமுறைக்குக் கனடாவுக்கு, டொரோண்டோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். அங்கேயும் இதே வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. புளூர், யங், யுனிவர்சிட்டி ஆகிய மூன்று பெரிய சாலைகளின் சைக்கிள் தடங்களை அகற்ற ஒன்டாரியோ மாகாண அரசு 2024 நவம்பரில் சட்டம் இயற்றியிருந்தது. கார் ஓடும் பகுதியைக் குறைத்து இனி எந்த நகரமும் புதிதாகச் சைக்கிள் தடம் போடுவதென்றால் மாகாணத்தின் அனுமதி வேண்டும் என்பதும் அதில் இருந்தது. நெரிசலைக் குறைப்பதுதான் நோக்கம் என்றார்கள். இருப்பதைப் பெயர்த்தெடுக்கவே ஏறத்தாழ 4.8 கோடி கனடா டாலர் ஆகும் என்று நகர நிர்வாகம் கணக்குச் சொன்னது. சைக்கிள் ஓட்டுவோர் அமைப்பு வழக்குப் போட்டு, அந்த ஏப்ரலில் இடைக்காலத் தடை வாங்கியிருந்ததால் நான் போனபோது தடங்கள் அப்படியே இருந்தன. புளூர் சாலையில் தங்கையின் சைக்கிளை வாங்கிக்கொண்டு நானும் போனேன். உணவுப் பையைச் சுமந்த இளைஞர்கள், முன்பெட்டியில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்து மிதிக்கும் தாய், வெண்முடிக் கிழவர் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தங்கையின் கணவர் தினமும் கார் ஓட்டுகிறவர். "குளிர்காலத்தில் வந்து பாருங்கள் அக்கா, அந்தத் தடம் காலியாகக் கிடக்கும். நான் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நிற்பேன்" என்றார். அவர் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. நாள் முழுதும் உழைத்துவிட்டுக் குழந்தையை வகுப்பிலிருந்து அழைத்துவர ஓடுகிறவருக்குச் சாலையில் போகும் ஒவ்வொரு நிமிடமும் உறுத்தும். ஆனால் தடத்தை எடுத்தால் அந்த நிமிடம் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி. 2025 ஜூலை 30 அன்று நீதிபதி பால் ஷேபஸ் தந்த தீர்ப்பு இந்த இடத்தைத்தான் தொட்டது. தடங்களை அகற்றுவதால் நெரிசல் குறையும் என்பதற்குச் சான்றில்லை, அரசுக்குக் கிடைத்த ஆலோசனைகளே அதற்கு மாறாக இருந்தன, சைக்கிள் ஓட்டுவோரின் உயிருக்கு ஆபத்து கூடும், ஆகவே இது அரசியல் சாசனம் தரும் உயிர்ப் பாதுகாப்பு உரிமைக்கு எதிரானது என்றார். அரசு மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது.

நான் ஊர் திரும்பிய பிறகு வந்த தீர்ப்பு அது. தங்கை தொலைபேசியில் சொன்னபோது எனக்கு எங்கள் தெருவின் நினைவுதான் வந்தது. டொரோண்டோவில் சைக்கிள் ஓட்டுகிறவரை, நகரின் நடுவில் வசதியாக வாழ்கிறவர் என்று எதிர்த்தரப்பு குறை சொல்கிறது. இங்கே சைக்கிள் ஓட்டுகிறவர் பைக் வாங்க முடியாதவர், ஆகவே கணக்கில் வராதவர். இரண்டு ஊரிலும் "யாரும் ஓட்டுவதில்லை" என்ற ஒரே வாக்கியம்தான். அங்கே அதற்குப் பதில் சொல்ல ஓர் அமைப்பும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். எங்கள் தெருவில் அதற்கும் நாங்களேதான் ஆள்.

ஆகவே எண்ணத் தொடங்கினோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த பெற்றோர் சிலர் முறை வைத்துக்கொண்டு, தெருமுனைத் தேநீர்க் கடை ஓரமாக நின்று எண்ணினார்கள். இதில் நேரம்தான் முக்கியம். பதினோரு மணிக்கு எண்ணினால் வியாபாரிகள் சொன்னது சரிதான், தடம் வெறிச்சோடி இருக்கும். விடிகாலை, பள்ளி தொடங்கும் நேரம், பள்ளி விடும் நேரம், இருட்டிய பிறகு என்று நான்கு வேளையும் எண்ண வேண்டும். மொத்தமாக "சைக்கிள்" என்று எழுதாமல், பிள்ளைகள், பெண்கள், கேனும் சிலிண்டரும் மூட்டையும் ஏற்றிய வண்டிகள், மூன்று சக்கர மிதிவண்டிகள் என்று பிரித்து எழுத வேண்டும். காலை நேரத்தில் அந்தத் தெருவில் காரைவிடச் சைக்கிள் அதிகம் போகிறது என்பது எண்ணிய எங்களுக்கே தெரியாத செய்தி.

பைக்குகளையும் எண்ணினோம். தடத்தின் ஓரம் காலையில் நிறுத்திய வண்டி மாலைவரை அசையவில்லை என்றால் அது வாடிக்கையாளருடையது அல்ல. கடைகளுக்கு எதிரே நின்ற வண்டிகளில் பெரும்பகுதி கடை முதலாளிகளுடையதும் அங்கே வேலை பார்ப்பவர்களுடையதுமாக இருந்தன. இதைக் கூட்டத்தில் போட்டு உடைத்து யாரையும் அவமானப்படுத்தக் கூடாது என்று முன்பே முடிவு செய்துகொண்டோம். கடை கடையாக ஏறி, ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினோம். மருந்துக் கடைக்காரர் தன் வண்டியைப் பக்கத்துச் சந்தில் விட ஒப்புக்கொண்டார். அதன் பிறகு நோயாளிகள் அவர் கடை வாசலிலேயே நிறுத்த முடிந்தது. அவருக்குத்தான் லாபம்.

அரிசி மண்டிக்காரர் கதை வேறு. "டீச்சர், நூறு மூட்டை வந்து நிற்கிறது. லாரியை எங்கே நிறுத்தச் சொல்கிறீர்கள்? சுமை தூக்குகிறவன் தெருமுனையிலிருந்து முதுகில் சுமந்து வருவானா?" என்று கேட்டார். இதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. அவர் கேட்டது நியாயம். சைக்கிளுக்காகப் பேசுகிறவர்கள் சுமை தூக்குகிறவரின் முதுகை மறந்துவிட்டால் அப்புறம் யாருக்காகப் பேசுகிறோம்? மண்டியில் வேலை செய்பவர்களையே உட்காரவைத்துக் கேட்டோம். லாரி பெரும்பாலும் விடிகாலையில் வருகிறது, வெயில் ஏறுமுன் இறக்கிவிடத்தான் அவர்களும் விரும்புகிறார்கள் என்று தெரிந்தது. வேலூர்ச் சித்திரை வெயிலில் நண்பகலில் மூட்டை தூக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளி நேரம் தவிர மற்ற வேளையில் மண்டிக்கு எதிரே மட்டும் லாரி தடத்தில் ஏறி நிற்கலாம், அந்த இடத்தில் கம்பம் வேண்டாம் என்று பேசி முடித்தோம்.

பூக்கார அம்மாவும் தடத்தின் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். "அவரை எழுப்பிவிட்டுத் தடம் கேளுங்கள்" என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை. 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, உரிய ஏற்பாடின்றி அவர்களை அப்புறப்படுத்த முடியாது. எளியவருக்கு எதிரே எளியவரை நிறுத்துவது தடத்தை எடுக்க நினைப்பவர்களுக்கு மிகச் சுலபமான வழி. அதில் விழுந்துவிடாதீர்கள். கோயில் சுவரை ஒட்டிய மூலையில் அவருக்கு இடம் பேசினோம். அங்கே நிழலும் இருக்கிறது.

அலுவலக வழிமுறையைப் பற்றிச் சிறிது. முதலில் சாலை யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் பெரிய சாலைகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. தெருக்கள் உள்ளாட்சியுடையவை. தவறான மேசைக்குப் போன மனு மாதக்கணக்கில் சுற்றி வரும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், அதை வைத்துத் தொடர்ந்து கேட்கலாம். தடம் போட்ட ஆணை, மதிப்பீடு, அகற்றச் சொல்லி வந்த மனுக்கள் இவற்றின் நகலை 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். தனியாள் கடிதத்தைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்துக்கு எடை அதிகம். இவை எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பலன் தந்த கோரிக்கை, கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றுங்கள் என்பதுதான்.

மாற்றினார்கள். மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பணிக்குப் போகும் வழியில் சீருடையோடு வந்து உட்கார்ந்தார். சுற்றுச்சூழல், உடல்நலம் என்று நான் தயாரித்து வைத்திருந்ததை எல்லாம் அவர் பேச்சு தேவையற்றதாக்கிவிட்டது. "ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கிற பணம் மிச்சமானால் என் வீட்டில் பால் வாங்குவேன். எனக்கு இந்த ரோட்டில் ஓர் ஓரம் போதும்" என்றார். அந்த ஊதியத்தில் வாழ்கிறவர்கள் யாரும் அதுவரை அந்த அறையில் பேசியதில்லை. எங்களை எதிர்த்துப் பேச வந்தவர்களில் சிலர் பிறகு பேசவே இல்லை.

சென்னைப் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் வந்தபோதும் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் இருந்தது. 2019-இல் திறந்த அந்த அகலமான நடைபாதையில் இன்று மாலைவேளையில் நடக்கும் கூட்டத்தை யாரும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அதை எங்கள் கூட்டத்தில் நான் பெரிதாக எடுத்துப் பேசவில்லை. சென்னை வேறு, எங்கள் தெரு வேறு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். உள்ளூர்க் கணக்கும் உள்ளூர் ஆளும்தான் நிற்கும்.

தடத்தின் அமைப்பிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வண்ணம் மட்டும் அடித்தால் ஒரு வாரத்தில் அது வாகன நிறுத்துமிடம் ஆகிவிடும். தடத்தின் நுழைவாயிலின் நடுவே ஒரு கம்பம் நின்றால் ஆட்டோ உள்ளே வராது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலின் இரும்புச் சட்டங்கள் போகிற திசைக்கு நேராகப் படுத்திருந்தன. சைக்கிளின் ஒல்லியான டயர் அந்த இடைவெளியில் இறங்கினால் ஆள் தலைக்குப்புற விழுவார். பிள்ளைகள் அதைத் தவிர்க்கத் தடத்தை விட்டு வெளியே வளைந்து போய்க்கொண்டிருந்தார்கள். பார்க்கிறவர்கள், "தடம் இருந்தும் அதில் போகிறார்களா பாருங்கள்" என்றார்கள். புகைப்படம் எடுத்துக் காட்டிய பிறகு குறுக்குச் சட்டம் போட்ட மூடி வந்தது. தடத்தில் கிடக்கும் ஒரு தடை எவ்வளவு பெரிய விபரீதம் என்பதற்கும் டொரோண்டோவே சாட்சி. 2024 ஜூலையில் புளூர் சாலையின் தடத்தை மறித்து வைத்திருந்த கட்டடக் கழிவுத் தொட்டியைச் சுற்றிப் போக வெளியே திரும்பிய இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருவர் வாகனம் மோதி இறந்தார். எங்கள் தெருவில் யாராவது மணலைக் கொட்டிவிட்டுப் போனால் இப்போது உடனே போய்க் கேட்கிறோம்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதையும் எழுதிவிடுகிறேன். நிற்கும் காரை ஒட்டிப் போகாதே, கதவு திறந்தால் ஒதுங்க ஒரு மீட்டர் இடைவெளி விடு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடப்புறம் நுழையாதே. அது இடது பக்கம் திரும்பும்போது ஓட்டுநருக்கு நீ தெரியமாட்டாய். பின்பக்க ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் அன்றைக்கே மாற்று. இலவச வண்டி வந்ததும் சைக்கிள் கடையில் பிரேக் கட்டைகளையும் நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிக்கொள். துப்பட்டாவைக் கட்டிக்கொள், பையைக் கேரியரில் இறுக்கு. தடம் இருக்கும் தெருவிலும் இவை எல்லாம் வேண்டும், ஏனென்றால் தடம் முடிகிற இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

முடிவு முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். தடம் இருக்கிறது. பள்ளி நேரத்தில் அதில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். மண்டிக்கு எதிரே கம்பங்கள் போய்விட்டன, அங்கே இன்னும் சில பைக்குகள் நிற்கின்றன. தெருவின் கடைசியில் ஓடைக்கு மேலுள்ள சிறுபாலத்தில் சாலை குறுகிவிடுவதால் தடத்தையே அழித்துவிட்டார்கள். அந்த இருபதடி தூரம் பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே போகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை, கூட்டத்திலேயே சொன்னேன்.

இப்போது கொடுத்திருக்கும் புதிய மனு அதற்குத்தான். ஓடைப் பக்கம் கைப்பிடியோடு சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் ஓர் இரும்பு நடைபாலம், அது வரும்வரை சிறுபாலத்தின் இருபுறமும் வேகத்தடை, இரவில் ஒரு விளக்கு என்று மூன்று கோரிக்கைகள். நான்கு வேளைக் கணக்கு, சிறுபாலத்தின் அகல அளவு, பள்ளிக் குழுவின் தீர்மானம் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். மண்டிக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஐப்பசி மழையில் அந்த ஓரத்துப் பள்ளம் தண்ணீருக்குள் மறைந்துவிடும், அதற்குள் வேகத்தடையாவது வந்தாக வேண்டும்.